இணையம் இல்லாத நாற்பது பெட்டிகள்

ஆகஸ்ட் 3
நாற்பதையும் வாங்கிவிட்டேன். மூடிப்போன ஒரு வெளிநாட்டு அலுவலகத்தில் கிடந்த எழுத்துக் கணினிகள். விசைப்பலகை, அதன் தலையில் ஆறு வரி தெரியும் சின்னத் திரை, அவ்வளவுதான். எழுதலாம், சின்னச் சின்ன நிரல் எழுதி ஓட்டலாம். இணையம் கிடையாது. மூன்று பென்சில் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும். பள்ளி திறக்கும் சமயத்துக்கு லேப்டாப் எடுக்க வைத்திருந்த முதல் மொத்தமும் இதில் போட்டாச்சு. பைத்தியமா நான்? இருந்தும் கை பரபரக்கிறது.

ஆகஸ்ட் 4
எதிர்க்கடை ஷெர்மத் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான்.
"ஜீபெக் அக்கா, இதுல படம் வருமா?"
"வராது."
"பாட்டு?"
"வராது."
"அப்ப இத வச்சு நூடுல்ஸ் மாவு தேய்க்கலாம்."
தோர்தோய் சந்தையில் எங்கள் வரிசையே சிரித்தது. நானும்தான்.
கடைக்கு மேலே கிடங்காக அடுக்கியிருக்கும் கன்டெய்னரிலிருந்து இறக்கும்போது ஒன்று நழுவி சிமெண்டில் விழுந்தது. ஒரு விசை தெறித்தது. எடுத்து மாட்டினேன் — ஓடுகிறது! இதை எவன் செய்தானோ, அவன் கைக்கு முத்தம் கொடுக்கணும்.

ஆகஸ்ட் 7
விற்கவில்லை. வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி, "இன்டர்நெட்?" இல்லாததைச் சேர்த்தால் போச்சு! ரிப்பேர்காரர் தொலகனிடம் இரண்டைக் கொடுத்து, உள்ளே வைஃபை அட்டை வைக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 9
முதல் போணி! ஐசல்கின் என்று ஒருத்தி, மலையூர் நரினில் பெண்களுக்கு நிரல் எழுதச் சொல்லித்தருகிறாளாம். மேய்ச்சல் நிலத்தில் அண்ணன் கூடாரத்தில் ஒரு வாரம் இருந்து பாடம் எழுதப் போகிறாள். "ஒத்துவந்தா எல்லாத்தையும் எடுத்துக்குவேன்" என்றாள். எல்லாத்தையும்! அட்டை வைத்ததையே எடுத்துக் கொடுத்தேன், வாய் திறக்காமல். அதிகமாகக் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? அவள் தந்த பண நோட்டை, மீதியும் விற்கட்டும் என்று, சந்தை வழக்கப்படி மற்ற சரக்கு எல்லாவற்றிலும் தொட்டு எடுத்தேன்.

ஆகஸ்ட் 17
வந்தாள். பெட்டியை மேசையில் டமாலென்று வைத்தாள்.
"உள்ள என்னத்த வச்சீங்க அக்கா? மாசக்கணக்குல ஓடும்னீங்க, ரெண்டு நாள்ல பேட்டரி செத்துப்போச்சு. அங்க இல்லாத சிக்னலத் தேடியே செத்திருக்கு!"
"ஓசியாத்தானே வச்சேன் கண்ணு..."
"நான் கேட்டேனா? அந்த ரெண்டு நாள்ல ஒரு மாச வேலை முடிச்சேன், தெரியுமா? ஒரு மணி அடிக்கல, ஒரு செய்தி வரல. மூணாம் நாள் சும்மா உக்காந்து ஆட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன். அதான் வயித்தெரிச்சல்!"
திட்டு வாங்கிக்கொண்டே எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. ரெண்டு நாளில் ஒரு மாச வேலை! ஒன்றைப் பிடுங்கினால் விலை ஏறுகிற சரக்கை இப்போதுதான் பார்க்கிறேன். தொலகனை அங்கேயே கூப்பிட்டு, அவள் கண்ணெதிரே இரண்டு அட்டையையும் கழற்ற வைத்தேன். இவள் போய்விட்டால் என் கடையும் போச்சு — அது எனக்குத்தான் தெரியும். தேநீர் ஊற்றிவிட்டு, துணிந்து ஒன்றுக்கு மூவாயிரம் சோம் என்றேன்.
"வாய் கூசலயா அக்கா?"
"ஒண்ணுமே இல்லாத பொட்டி கண்ணு. எங்க கிடைக்கும்?"
முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 18
நாற்பதும் நரினுக்கு ஏறிவிட்டன. ஒன்று இரண்டாயிரத்து அறுநூறு சோம், முழுப் பணமும் கையில், ஏற்கெனவே தந்தது கழித்து. வண்டி வாடகை அவளுடையது. அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: எதிலாவது வைஃபை அட்டை இருந்தால் இரண்டு மடங்கு நான் திருப்பித் தரணும்.