உப்பில்லாத கழிமுகம்

மேரிலாந்து, மே மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு, எலோயிசா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம்.

இங்கே நண்டுச் சதை எடுக்கும் வேலை கொஞ்சம் மந்தம். கவலை வேண்டாம். வடக்கு மலைகளில் கொட்டிய பனியெல்லாம் உருகி, ஆற்றோடு வந்து கழிமுகத்தைச் சேறாக்கிவிட்டது. தண்ணீரில் உப்பு குறைந்ததால் நண்டுகள் தெற்கே கடல் பக்கம் போய்விட்டன. வராவிட்டால் எங்களை முன்னதாகவே மெக்சிகோவுக்கு அனுப்பிவிடுவார்களாம். படகுக்காரர் எல்வுட் தினமும் விரலை நனைத்து நக்கிப் பார்த்து, "இன்னும் குடிதண்ணிதான்!" என்று கத்துகிறார்.

நேற்று நம்மூர் டொமிதிலா பொறுமையிழந்து, சமையலறை உப்பு டப்பாவையே படகுத்துறைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டாள்.

"அடிப்பாவி, சூப்புக்கு என்னடி போடுவ?" என்றேன்.

"தெனமும் தலகாணிய நனைக்கிறியே, அதைப் புழிஞ்சு ஊத்து!" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். அவள் விளையாட்டுக்குச் சொன்னது, அம்மா.

காய்ந்த மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். கை சும்மா இருப்பதால் என் குட்டி மகள் நயேலிக்குக் காலுறை பின்னுகிறேன். அவள் பாதத்தை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். போன வருஷ அளவில்தான் பின்னிக்கொண்டிருக்கிறேன்.

இதோ, துறையில் எல்வுட், "கரிக்குது, பொண்ணுங்களா, கரிக்குது!" என்று கத்துகிறார். நண்டு வர இன்னும் நாளாகும். ஆனாலும் நானும் நக்கிப் பார்க்க ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
எலோயிசா