ஊசி இல்லாத துப்பாக்கி

என் பிரியமுள்ள பப்பா,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. மூன்று நாளாக நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. எல்லாம் உங்கள் இரட்டைக்குழல் துப்பாக்கியால் வந்த வினை.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம். நம்பரைச் சரிபார்த்து எடுத்து வரச் சொன்னார்கள். நம்பரோ குழலுக்கு அடியில், துருவுக்குள். நம் ஊர் மேட்டுப்பாளையம் கம்பெனியில் இருபது வருஷமாக உதிரிபாகங்களை அளந்து பார்க்கிறவள் நான். திருகைக் கண்டால் கை சும்மா இருக்குமா? நம்பரோடு நிறுத்தாமல் முழுவதையும் கழற்றிவிட்டேன்.

அந்தக் காலத்துப் பிரான்சில் எவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறார்கள், பப்பா. திருகின் வெட்டு அவ்வளவு மெல்லிசு. என் ஸ்க்ரூடிரைவர் எதுவும் நுழையாமல், ஒன்றைக் கம்பெனியில் சாணை பிடித்துக்கொண்டு வந்தேன். செய்தவர் பெயரும் ஊர் முத்திரையும் இன்னும் படிக்க முடிகிறது. இரண்டு திருகின் தலை மட்டும் சிதைந்திருந்தது. அது உங்கள் வேலை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவருக்கு அடுப்படிக் கத்திதான் கிடைத்ததா?

அவற்றையும் கழற்றினேன். தோட்டாவைக் குத்தும் ஊசிகள் இருக்க வேண்டிய இரண்டு துளையும் காலி. ஊசிகள் பின்கட்டையின் அடித்தகட்டுக்குள், ஒரு காலண்டர் தாளில் சுற்றியிருந்தன. தாளில் இருந்தது என் புதுநன்மை நாள், சிறுமியாகக் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய தேதி.

சித்தப்பாவோடு நடந்த கொல்லைக் கதவுத் தகராறு அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தானே? அப்படியென்றால் சித்தப்பாவின் நெஞ்சுக்கு நேரே நீங்கள் நீட்டியது வெறும் இரும்பு. சொந்தத் தம்பியைச் சுடப் போனவன் என்று தெருவே பேசியபோது ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சித்தப்பா உங்கள் அடக்கத்துக்குக்கூட வரவில்லையே.

நேற்று ஊசிகளை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பத்துக்கு ஓடினேன். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா அழுவார், மன்னித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஊசிகளை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"அது சுடாதுன்னு உங்கப்பனுக்குத் தெரியும்மா. எனக்குத் தெரியாதே. கையில பாப்பாவ வச்சிருந்தேன்."

ஊசிகளைத் திருப்பித் தந்துவிட்டு, சாப்பிட்டுப் போகச் சொன்னார். நான் சாப்பிடவில்லை.

பாலம் தாண்டி வரும்வரை உங்கள் மேல் கோபம். பெற்ற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில்தானே ஊசியைக் கழற்றினீர்கள்? தம்பி பிள்ளைக்கு நேரே எப்படிக் கை நீண்டது? கோபம் ஒரு பக்கம். வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் நாற்காலியைப் பார்த்து அழுதேன்.

நாளை துப்பாக்கியை ஊசிகளோடு ஸ்டேஷனில் கொடுத்துவிடுவேன். அந்தப் பாப்பா இப்போது கல்யாணமாகிக் காலாப்பட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன். நீங்கள் கேட்காமல் போன மன்னிப்பை இரண்டு பேரிடமும் கேட்பேன். துப்பாக்கி சுடாது என்று மட்டும் இனி சொல்ல மாட்டேன், பப்பா.

உங்கள் பெரிய மகள்,
ரெஜினா