மஞ்சள் போட்ட புழு

30 ஒக்ரோபர் 2005, ஞாயிறு

தூறல். குளிர்கால நேரம் தொடக்கம், இரவு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போனது. அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. வேலைக்கு முந்திப் போய்ப் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். வந்து என்னைத்தான் பேசினார். மணிக்கூடு மாற்றுவது என் பொறுப்பாம். வீட்டில் சும்மா இருக்கிறவன் நான்தானே.

பின்னேரம் கென்னின் தூண்டில் கடை. ரெயில் பாலத்துக்குக் கீழே. நாற்றத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். கடை பூட்டும்போது, தூண்டில் இரைக்கு விற்காமல் மிஞ்சிய கடற்புழுவையெல்லாம் கென் குப்பைத் தொட்டிக்குள் கொட்டுவார். ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன். இன்று கொட்டப் போன தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

இதைக் கெடாமல் வைக்கலாம், நான் செய்து காட்டுகிறேன் என்றேன்.

கென் சிரித்தார். முந்தியும் ஆட்கள் சொல்லியிருக்கிறார்களாம். பழைய புழு சளி மாதிரி, தூண்டிலை வீசினால் கொளுக்கி ஒரு பக்கம் போகும், புழு ஒரு பக்கம் போகும் என்றார். நான் தட்டை விடவில்லை. கடைசியில் ஒரு பந்தயம் மாதிரிச் சொன்னார். அடுத்த ஞாயிறு சவுத்எண்ட் கடலுக்குப் போகிறாராம். நான் பதப்படுத்தின புழு கொளுக்கியில் நிற்கவேண்டும், மீன் கடிக்கவும் வேண்டும். இரண்டும் நடந்தால் அதற்கு அடுத்த சனிக்கிழமை தொடக்கம் கடையில் வேலை. நடக்காவிட்டால் இனி அவருடைய தொட்டிப் பக்கம் வரக்கூடாது.

யூனியில் கொம்பியூட்டர் படிப்பை இரண்டாம் வருசத்தில் விட்டேன். பிறகு பெற்றோல் ஸ்டேஷன், மெத்தைக் கடை, பாசல் கட்டுகிற இடம். ஒன்றிலும் நிற்கவில்லை. எல்லாம் பூட்டின அறைக்குள் நிற்கிற மாதிரி. இந்த வேலை வேண்டும். வேறு ஒன்றைப் பற்றியும் இப்படி எழுதினதில்லை.

அம்மா கோயிலுக்குப் போன நேரம் குசினிக்குள் இறங்கினேன். தலையைக் கிள்ளு. வயிற்றை இரண்டு விரலால் வழி. மண், கறுப்புத் தண்ணி எல்லாம் வெளியே. பேப்பரில் உருட்டி ஈரத்தை எடு. பாதியை ஒவ்வொன்றாகத் தமிழ்ப் பேப்பரில் சுற்றி, ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு, பிறீசருக்குள். மற்றப் பாதி கல்லுப்புக்குள்.

அங்கேதான் விழுந்தேன். உப்புப் போட்ட கை அப்படியே மஞ்சள் போத்தலுக்குப் போய்விட்டது. இந்த வீட்டில் கடலில் இருந்து வந்த எதைக் கழுவினாலும் அடுத்தது உப்பும் மஞ்சளும். சின்னதிலிருந்து பார்த்த கை. தடவி முடித்த பிறகுதான் விளங்கியது. மஞ்சள் போடுவது வெடுக்கு நாற்றத்தை எடுக்க. மீன் இரையைத் தேடி வருவது அந்த வெடுக்கை மணந்து. மடையா.

கழுவினால் உப்பும் போய்விடும். மூடி, பின்தோட்டத்துக் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டேன். பரவாயில்லை. பிறீசரில் பாதி இருக்கிறது.

31 ஒக்ரோபர், திங்கள்

குளிர். விரல்கள் மஞ்சளும் மண்ணிறமுமாய். இது மஞ்சள் தூள் இல்லை, புழுவின் கறை. சவர்க்காரத்துக்கு அசையாது.

தங்கச்சி துர்க்கா கண்டுவிட்டாள். "அம்மா, அண்ணா ஸ்மோக் பண்றார்!"

அம்மா ஓடிவந்து கையை இழுத்து மணந்து பார்த்தா. முகம் போன போக்கு. "சீ! சிகரெட் எண்டாலும் பரவாயில்லை."

பின்னேரம் பேய் வேசத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள், கதவைத் தட்டி இனிப்புக் கேட்டு. அம்மா ஆளுக்கு ஒரு பிடி கற்கண்டு கொடுத்தா. ஒரு எலும்புக்கூடு அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது.

பிறீசரைத் திறந்து பார்த்தேன். கல்லு மாதிரி. நல்லது.

1 நவம்பர், செவ்வாய்

தீபாவளி. வெயில், நம்பமுடியவில்லை. ஆட்டிறைச்சிக் கறி, பூரி. வசி அண்ணை சாப்பிட வந்தார். பிளம்பர். பத்து வருசம் யேர்மனியில் இருந்துவிட்டு இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தூண்டில் பைத்தியம் என்னிலும் மோசம்.

பந்தயத்தைச் சொன்னேன். வாய்க்குள் எலும்பை வைத்துக்கொண்டே சிரித்தார்.

"டேய், உயிர்ப்புழுவுக்கே மீன் யோசிச்சுத்தான் கடிக்குது. நீ பிணத்தைக் கொண்டு போறாய்."

"ஞாயிறு உங்கட வான் சவுத்எண்டுக்கு வருமோ வராதோ, அதைச் சொல்லுங்கோ."

"வரும், வரும். உன்ர முகத்தைப் பார்க்கிறதுக்கெண்டே வருவன்."

அம்மா எல்லாருடைய சாப்பாட்டுக் கோப்பையிலும் இரண்டாம் முறை இறைச்சி போட்டா. "வடிவாச் சாப்பிடுங்கோ. நாளையில இருந்து வீட்டில மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லை."

காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை.

2 நவம்பர், புதன்

கந்தசட்டி விரதம் தொடக்கம். நாசமாய்ப் போன நாள்.

வேலையில்லாதவர் காசுக்கு ஜொப்சென்ரரில் கையெழுத்து வைத்துவிட்டு மத்தியானம் வந்தேன். பிறீசர் கதவு விரியத் திறந்து கிடக்குது. உள்ளே ஒன்றும் இல்லை. மஞ்சள் தண்ணியால் துடைத்த மணம். வீட்டில் இருந்த மீன், இறைச்சி, இறால் எல்லாம் வசி அண்ணை வீட்டுக்குப் போய்விட்டதாம்.

"அம்மா, என்ர டப்பா எங்க?"

"எந்த டப்பா? எல்லாம் ஐஸ்கிறீம் டப்பாதான்."

"நீல மூடி."

"ஓ, அதோ? இறாலாக்கும் எண்டு திறந்து பார்த்தன். தலை தோய்ஞ்சிட்டு வந்து சாமிக்கு விளக்கு வைக்கிற கையால! அதை மற்ற ஆக்கள் வீட்டுக்குக் குடுக்க ஏலுமோ? வெளியில வைச்சிருக்கிறன்."

பின் படியில், வெயிலில். காலையிலிருந்து. திறந்தேன். பேப்பரும் புழுவும் ஒன்றாய்க் கூழ். எடுத்தால் விரலுக்கிடையால் வழியுது. கென் சொன்ன சளி.

கத்தினேன். அதை மறைக்கவில்லை.

அம்மாவும் விடவில்லை. "சட்டிக்கு வீடு கழுவுறது உனக்குத் தெரியாதோ? பிறந்ததில இருந்து பார்க்கிறாய். கொம்பியூட்டர் படிக்க அனுப்பினது, இஞ்ச புழுவுக்குக் குடல் எடுத்துக்கொண்டு நிக்குது."

"படிப்பைக் கதைக்காதேங்கோ."

"கதைப்பன். நான் கதைக்காம வேற ஆர் கதைக்கிறது?"

உண்மையில் பிழை என்னுடையது. வருசா வருசம் நடப்பது. வேறு எந்த வாரமும் செய்திருக்கலாம். கென்னிடம் புதுசு கேட்கப் போனேன். ஞாயிறு வரை மிச்சம் வராது என்றார். விற்கிற புழுவைத் தரவும் மாட்டார், மிச்சத்தில்தானே பந்தயம்.

இனி இருப்பது கொட்டிலுக்குள் இருக்கிற அந்த மஞ்சள் டப்பா. அவ்வளவுதான்.

3 நவம்பர், வியாழன்

மழை. டப்பாவைத் திறக்கப் பயம். திறக்கவில்லை.

துர்க்கா என் அறைக்கு வந்து கட்டிலில் குந்தினாள். ஏதோ கேட்க வந்த முகம். சார்ஜரைக் கேட்டாள். போகவில்லை.

"அம்மா இந்த முறை பாலும் பழமும் மட்டும்தான். நோட்டிஸ் பண்ணினீங்களா?"

"ஒவ்வொரு வருசமும் விரதம் பிடிக்கிறாதானே."

"ஒவ்வொரு வருசமும் ஒரு நேரம் சாப்பிடுறவ. இது உங்களுக்காக. நீங்கள் திரும்ப யூனிக்குப் போகோணும் எண்டு. ஐயரிட்டச் சொல்லேக்க நான் பக்கத்தில நிண்டனான்."

"என்னட்ட ஏன் சொல்லுறாய்?"

"நேற்று நீங்கள் கத்தினதுக்கு."

போய்விட்டாள். சார்ஜரையும் கொண்டு.

முதலில் கோபம்தான் வந்தது. நான் கேட்டேனா? பிறகு கீழே போனேன். அம்மா அடுப்பில் எங்களுக்குப் பருப்புத் தாளித்துக்கொண்டிருந்தா. தான் வாயில் வைக்காத கறிக்கு உப்புப் பார்க்க முடியாமல் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினா. எனக்கு வேண்டாத ஒன்றுக்காக ஒருத்தி எனக்காகப் பட்டினி. இதை என்ன செய்வது? திரும்பி மேலே வந்துவிட்டேன்.

4 நவம்பர், வெள்ளி

மழை விட்டது. கொட்டிலுக்குப் போனேன்.

டப்பாவின் அடியில் தண்ணி கட்டி நின்றது. உப்பு இழுத்த தண்ணி. ஊற்றிவிட்டு ஒரு புழுவை எடுத்தேன். சுருங்கி, வார் மாதிரி இறுகி இருக்குது. இழுத்தேன். அறுபடவில்லை. நாற்றம் கொஞ்சம் இருந்தது, மஞ்சள் மணத்துக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு. ஈரம் தட்டிப் புது உப்புப் போட்டேன். உப்பு மட்டும்.

தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வான்ஸ்டெட் புல்வெளி. தண்ணி இல்லாத இடத்தில் தூண்டில் வீசுகிறவனை ஆட்கள் பார்க்கிற பார்வை தனி. முழுப் பலத்தோடு வீசினேன். சுற்றி எடுத்தேன். புழு கொளுக்கியில். திரும்ப. திரும்பவும் கொளுக்கியில்.

அடுத்த முறை ஒரு நாய் ஓடிப்போய்க் கவ்வப் பார்த்தது. கொளுக்கி! கத்திக்கொண்டு ஓடினேன், நாய்க்காரியும் ஓடிவந்தா. நல்ல காலம், புழுவின் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போனது. அது என்ன சாமான் என்று அந்த மனிசி கேட்டா. மஞ்சள், உடம்புக்கு நல்லது என்றேன்.

நாய்க்குப் பிடித்திருக்கிறது. மீனுக்கு?

5 நவம்பர், சனி

வெள்ளைக்காரரின் வாணவேடிக்கை நாள். பின்னேரத்திலிருந்து வெடி. தெரு முழுக்கப் புகை.

அம்மா கதிரையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு. கண் உள்ளுக்குப் போய்விட்டது. பால் சூடாக்கிக் கொடுத்தேன். வாங்கினா. பாதி குடித்த பிறகு:

"நாளைக்கு எங்க போறாய்?"

"சவுத்எண்ட். வசி அண்ணையோட."

"விரதத்துக்குள்ள உயிரைக் கொல்லப் போறியோ?"

"பிடிச்சாத் திரும்ப விட்டிடுறன்."

"கொளுக்கி குத்தினது குத்தினதுதானே."

கப்பைக் கழுவி வைத்தேன்.

6 நவம்பர், ஞாயிறு

கிழக்குக் காற்று. மண்ணிறத் தண்ணி. கென் முன்னமே வந்து கடல் சுவரில் கதிரை போட்டு இருந்தார்.

டப்பாவைத் திறந்து காட்டினேன். கென் உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப உள்ளே பார்த்தார். இதற்குச் சோறும் வருமா என்று கேட்டார்.

வசி அண்ணை சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கிறார். "என்னடா இது, பிரட்டலோ? தேங்காய்ப்பால் விட மறந்திட்டியோ?"

"சிரியுங்கோ, சிரியுங்கோ."

முதல் வீச்சு. கென் வேண்டுமென்றே என் தூண்டிலை வாங்கித் தானே வீசினார், யாரிலோ உள்ள கோபத்தில் எறிகிற மாதிரி. சுற்றி எடுத்தால் புழு அப்படியே. கென் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய உயிர்ப்புழு அடுத்த வீச்சில் பாதியாய் வந்தது.

பிறகு கடி. எனக்கு இல்லை. வசி அண்ணைக்கு உயிர்ப்புழுவில் ஒரு மீன். கென்னுக்கு ஒன்று. வசி அண்ணைக்கு இன்னொன்று. என் தூண்டில் நுனி செத்துப்போய் நிற்குது. கை விறைத்துவிட்டது. வசி அண்ணை சிரிப்பதை நிறுத்திவிட்டார், அதுதான் கூடப் பயமாய் இருந்தது.

"தம்பி, என்ர புழுவில ஒண்டு போடன். கென் அங்கால பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்."

"வேண்டாம் அண்ணை."

தண்ணி ஏறி, வெளிச்சம் மங்கத் தொடங்க, கென் பெட்டியை மூடினார். அந்த நேரம் நுனி ஒரு தட்டுத் தட்டியது. காற்று என்று நினைத்தேன். இன்னொரு தட்டு. இழுத்தேன். பாரம்!

வைட்டிங் மீன். பெரிசில்லை, முழங்கையளவும் வராது. வாயில் புழுவின் மஞ்சள் வால் தொங்கிக்கொண்டு. திரும்ப வீசினேன், அதே புழுவோடு. அதில் இன்னொன்று.

கென் டப்பாவில் இருந்து ஒரு புழுவை எடுத்து நகத்தால் கிள்ளினார், மணந்தார். ஒரே புழுவில் இரண்டு மீனா என்று தனக்குள் கேட்டார். பிறகு என்னிடம்: சனிக்கிழமை ஏழு மணி. பிந்தக்கூடாது. இந்தக் கறித்தூள் கூடாது, வாங்குகிறவன் பயந்துபோவான்.

இரண்டு மீனையும் கடலில் விட்டேன்.

வசி அண்ணைக்குத்தான் தாங்கவில்லை. "டேய், டேய்! அது பொரிக்கிற மீனடா!"

"அம்மாட்டச் சொல்லிப்போட்டன்."

7 நவம்பர், திங்கள்

சூரன் போர். கோயில் வீதியில் சனம். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன், விழுந்தால் பிடிக்க. விழவில்லை. சூரன் தலை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக் கும்பிட்டா. என்ன கேட்கிறா என்று தெரிந்துகொண்டு பக்கத்தில் நிற்பது வில்லங்கமான வேலை.

வேலையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சாப்பிடட்டும் முதல்.

8 நவம்பர், செவ்வாய்

பாறணை, விரதம் முடிக்கிற நாள். விடிய எழும்பி அம்மா சமையல். மரக்கறி, வடை, பாயாசம். அப்பா வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு நின்றார்.

அம்மா நாலைந்து வாய் சாப்பிட்ட பிறகு சொன்னேன். கென் கடையில் வேலை. சனிக்கிழமை தொடக்கம். புழு பதப்படுத்துகிற வேலையும் என்னுடையது.

அம்மாவின் கை கோப்பையில் நின்றது.

"நான் முருகனிட்டக் கேட்டது இதில்லை."

"தெரியும்."

"தெளிவாச் சொன்னனான். யூனி எண்டு."

துர்க்கா வடைக்குள் சிரித்தாள். அப்பா அவளை முறைத்தார், பிறகு தானும் சன்னல் பக்கம் திரும்பினார்.

"போகமாட்டியோ?"

"இல்லை அம்மா. போகமாட்டன்."

இதுவரை "பார்ப்பம்" என்றுதான் சொல்லி வந்தேன்.

அம்மா பாயாசத்தை என் பக்கம் தள்ளினா. சோற்றையும் கறியையும் பிசைந்தா. பிறகு என்னைப் பார்க்காமல்:

"பிறீசரில அடித்தட்டு. மற்றதுகளில கை வைக்கக் கூடாது. டப்பாவில பெரிசா எழுது. வெள்ளிக்கிழமையில திறக்கக் கூடாது."

"சட்டிக்கு?"

"சட்டிக்கு வெளியிலதான்." ஒரு வாய் சாப்பிட்டா. "அடுத்த வருசமும் விரதம் பிடிப்பன். பார்."

வாங்க வேண்டியது: கல்லுப்பு, மார்க்கர் பேனை. மஞ்சள் போத்தலை மேல்தட்டுக்கு மாற்றினேன்.