நான் மாட்டிய ரோட்டரி

12 அக்டோபர் 1993

இயந்திர மேசையில் ரோட்டரி இன்று சரியாக உட்கார்ந்துவிட்டது. தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைகளெல்லாம் முறைவைத்துப் பயன்படுத்தும் ஒரே சிஎன்சி, கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம், இது. இனி இரும்புத் தண்டைப் பிடித்துச் சுழற்றித் தர அதற்கு நான்காவது அச்சும் உண்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சாய்வு பார்க்க வைத்த டயல் முள் அசையவில்லை. நம்பாமல் மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். அசையவில்லை. யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

15 அக்டோபர்

பட்டறைக்காரர்கள் சங்கக் கூட்டம். தலைவர் சம்பங்கி டீயை ஆற்றிக்கொண்டே, "நம்ம மாப்ள ரோட்டரிய மாட்டிட்டாருங்க. அம்மாவும் கூட இருந்து பாத்துக்கிட்டாங்க" என்றார்.

கூட இருந்து! மாட்டியதே நான். அவருடைய மருமகன் கிருஷ்ணப்பன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான், அதுவும் நினைத்தபோது. அவன் மறுக்கவில்லை, தலையைக் குனிந்து சிரித்தான். தீபாவளிக்குப் பிறகு இயந்திரத்துக்குப் பொறுப்பாளர் போடப் போகிறார்கள். அதற்குத்தான் இது. எனக்கு வரவேண்டிய வேலை.

எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால்? "அம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு" என்று அதையும் சிரித்துத் தீர்த்திருப்பார்கள். பொறியியல் வகுப்பில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்த காலத்திலிருந்தே இந்தச் சிரிப்பைத் தெரியும்.

16 அக்டோபர்

விடப்போவதில்லை.

25 அக்டோபர்

ஆயுத பூஜைக்கு ரோட்டரியைக் கழற்றித் தள்ளுவண்டியில் வைத்து, மாமனார் பார்க்கட்டும் என்று எல்லாப் பக்கமும் சந்தனம் அப்பியிருந்தான் கிருஷ்ணப்பன். அடிப்பக்கத்திலும். இயந்திர மேசையில் படிந்து உட்கார வேண்டிய முகம் அது. இன்று அவன் சங்கிலியில் தூக்கும்போது பார்த்தேன் – அடியில் ஒரு பொட்டு, காய்ந்து கெட்டியாக. வெளியே தெரிந்ததையெல்லாம் துடைத்தான். குனியவில்லை. இறக்கினான், போல்ட்டை முறுக்கினான்.

"டயல் வெக்கலையா?" என்று கேட்டாள் ஸ்டோர் முனிலட்சுமி.

"முன்னயே பாத்ததுதானே, விடு."

அந்தத் தடிமன் போதும், அச்சு சாய்வதற்கு. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீ நன்றாக இருந்தது.

28 அக்டோபர்

சாயங்காலம் வந்து நின்றான். "மேடம், நாளைக்கி பெங்களூர்க்காரங்க வர்றாங்க. நம்ம வேலையப் பாத்துட்டுத்தான் ஆர்டர் தருவாங்களாம். ஒருக்கா டயல் வெச்சுப் பாத்துருங்களேன்."

"நீங்க மாட்டினதுதானே தம்பி. நான் எதுக்கு?"

முனிலட்சுமி பக்கத்தில் இருந்தாள். அவள் காதுபட ‘நீங்கதான் மாட்டுனீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பார்த்துக் கொடுத்திருப்பேன். – நிஜமாகவா? தெரியவில்லை.

29 அக்டோபர்

தண்டைச் சுற்றி வெட்டிய பள்ளங்கள் ஒரு முனையில் ஆழம், மறுமுனையில் மேலோட்டம். பெங்களூர்க்காரர் அளவுமானியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன்ரீ இது? என்னங்க இது? யாரு மாட்டினது?" என்றார்.

எல்லோரும் கிருஷ்ணப்பனைப் பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

"மாமனாரு மூஞ்சியப் பாத்தீங்களாம்மா? வதக்குன கத்திரிக்கா" என்று முனிலட்சுமி வாயைப் பொத்திச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

5 நவம்பர்

ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விட்டது. அது வந்திருந்தால் நாலைந்து பட்டறைகளுக்குப் பங்கு கிடைத்திருக்கும். பட்டறைக்காரர் திம்மராயன் அதை நம்பி ராயக்கோட்டையிலிருந்து ஆள் எடுத்திருந்தார். இன்று அவர்களைத் திருப்பி அனுப்பினார். இதை நான் யோசிக்கவே இல்லையே.

18 நவம்பர்

நான்தான் பொறுப்பாளர். "அம்மாவே பாத்துக்கட்டும்" என்றார் சம்பங்கி. அதே மூச்சில், "அந்தச் சுத்துற சாமான் மட்டும் நமக்கு ஆவாதுங்க. வித்துரலாம்."

"அதுல குறையே இல்லைங்க."

"இல்லம்மா, ராசியில்ல."

ராசி! காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ‘உங்களுக்கு எப்படித் தெரியும்’ என்பார்கள்.

27 நவம்பர்

ரோட்டரி போயிற்று. கழற்றியதும் அடியை நானே துடைத்து, எண்ணெய் தடவி, காகிதம் சுற்றினேன். லாரியில் ஏற்ற கிருஷ்ணப்பன்தான் வந்தான். வேறு யாரும் இல்லை.

"மேடம், அன்னைக்கி நீங்க பாத்துருந்தா தெரிஞ்சிருக்குமில்லைங்க?"

"தெரிஞ்சிருக்கும்."

கயிற்றை இழுத்துக் கட்டினான்.

மதியம் பொறுப்பாளர் அறைச் சாவியைக் கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடி வழியே இயந்திரம் நேராகத் தெரிகிறது. அதன் மேசை காலியாக இருக்கிறது.