பென்சிலில் இரண்டு பெயர்

இன்று காலை அலுமாரியைத் திறந்ததும் ஸ்பிரிட் மணம் மூக்கில் ஏறியது. ஒரு போத்தலின் மூடி தளர்ந்திருந்தது. உள்ளே நெடுந்தீவில் பிடித்த நீர்த்தேள் பூச்சி, வால்போன்ற மூச்சுக்குழலை நீட்டியபடி அப்படியே கிடக்கிறது. அதைப் பிடித்த ஆள்தான் இல்லை.

தீவுக் குளங்களிலும் கேணிகளிலும் எந்த நீர்ப்பூச்சி எங்கே இருக்கிறதென்று வரைபடம் போட நீரும் நானும் இரண்டு மாரிக்காலம் அலைந்தோம். ஊர்காவற்றுறையில் தண்ணீர்மேல் ஓடுவது, புளியங்கூடலில் மல்லாந்து நீந்துவது, புங்குடுதீவில் முதுகு நிறைய முட்டை சுமக்கும் ஆண் பூச்சி. அந்த ஆணைக் கண்டால் நீர் வலையைத் தாழ்த்தி, "சுகமோ அண்ணை?" என்று கேட்பீர். எனக்குச் சிரிப்பு வரும், காட்டமாட்டேன்.

நெடுந்தீவுக்கு மட்டும் நீர் தனியே போனீர். படகில் பென்சில் கடலுக்குள் விழ, யாரிடமோ பேனை வாங்கி எழுதினீர். பிடித்த இடத்தை எழுதிப் பூச்சியோடு ஸ்பிரிட்டுக்குள் போடும் காகிதத் துண்டில் பேனை! இந்த வேலைக்கு முதல்நாள் வருபவர்கூட அப்படிச் செய்யமாட்டார். ஆய்வுகூடத்தில் பார்த்தால் ஸ்பிரிட் நீலமாகிக் கிடந்தது, துண்டுகளில் ஓர் எழுத்தும் இல்லை. பிடித்த இடம் தெரியாத பூச்சி எங்கள் வரைபடத்துக்கு உதவாது.

"ஒவ்வொண்டும் எனக்கு ஞாபகம் இருக்கு. இது கோட்டைக்குப் பக்கத்துக் குளம், சத்தியமாய்" என்றீர். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உம்மட சத்தியத்தை வரைபடத்திலை குத்த ஏலாது" என்றேன். சொன்னதோடு விட்டேனா? உம் கண்முன்னாலேயே ஒவ்வொரு போத்தலாகக் கைகழுவும் தொட்டிக்குள் கவிழ்த்தேன். நீர்த்தேள்கள் வடிகண்ணில் ஒட்டிக்கொண்டன. குழாயைத் திறந்துவிட்டேன். ஒரு மூலையில் வைத்திருக்கலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. உமக்கு உறைக்கவேண்டும் என்றே செய்தேன். உறைத்தது.

மாரி முடியமுன் திரும்பப் போவோம், கூட வாரும் என்று கேட்டீர். நான் தலையை நிமிர்த்தவும் இல்லை. "நீர் விட்ட பிழை. நீரே போய்ப் பிடியும்."

போனீர். காலில் கல் வெட்டிய காயத்தோடு, மாடுகள் இறங்கும் குளங்களில் ஒரு கிழமை இடுப்பளவு தண்ணீரில் நின்றீராம். எலிக்காய்ச்சல். திரும்பி வந்து பத்து நாள்கூட நீர் இருக்கவில்லை.

செத்தவீட்டில் உம் மனைவி என்னைக் கண்டதும் அழுகையை நிறுத்தினார். உள்ளே போய் உமது பையை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

"இந்தமுறை பென்சிலாலைதான் எழுதினவராம். உங்களிட்டைச் சொல்லச் சொன்னவர்."

பைக்குள் இந்தப் போத்தல். துண்டில் கோட்டைக்குப் பக்கத்துக் குளம், ஸ்பிரிட்டில் அதே நீர்த்தேள். நீர் முதலிலேயே சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர். வரைபடத்தில் நெடுந்தீவுக்குப் புள்ளி குத்திவிட்டுத் துண்டை முழுதாக வாசித்தேன். தீவு, குளம், நாள். பிடித்தவர்கள் என்ற இடத்தில் உம் பெயர், பக்கத்தில் என் பெயர். கைப்பழக்கத்தில் எழுதினீரா, என்னை மன்னித்து எழுதினீரா, குத்திக்காட்ட எழுதினீரா? பாவி மனுசன், கேட்கவும் வழியில்லாமல் போய்விட்டீர்.

வரைபடத்தில் ஒரு பொய்யும் இருக்கக்கூடாது என்று உம்மை அவமானப்படுத்தியவள் நான். களத்தில் எழுதிய துண்டை எவரும் திருத்தக்கூடாது என்று சட்டம் பேசியவளும் நானே. அதனால் என் பெயரை வெட்டவில்லை. நான் வராத குளத்தில், அந்த மழையில், உம்மோடு நான் நின்றதாக அந்தத் துண்டு சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்றும் மூடியை இறுக்கிவிட்டு, போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பென்சில் எழுத்து கொஞ்சமும் கரையவில்லை.