தேர்முட்டியில் ஓடிய படம்

வில்லியனூர்,
வைகாசி, 1934

கனகத்துக்கு,

நம் படத்தை நேற்றுத் தேர்த் திருவிழாவில் காட்டினேன். விழாக் கமிட்டியார் தேர்முட்டி அருகே இடம் கொடுத்து, வெள்ளைத்துணியும் கட்டித் தந்தார்கள்.

வேறு பெண் யாரும் வராததால்தான் நீ நடித்தாய். அது அவமானம் என்று உன் அப்பா உன்னைச் சுத்துக்கேணிக்கு அழைத்துப்போய் எட்டு மாதமாகிறது. நேற்று அவர் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார்.

திரையில், வெள்ளத்தில் நீ ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை ஏறும்போது, "யார்ரா இவ, எந்த ஊரு கூத்தாடி?" என்று ஒருவன் சிரித்தான்.

"எம் பொண்ணுடா. கம்முனு பாரு" என்றார் உன் அப்பா.

மெஷினைச் சுற்றிக்கொண்டிருந்த என் கை ஒரு நொடி நின்றுவிட்டது. நல்லவேளை, விளக்குச் சூட்டில் பிலிம் கருகவில்லை.

படம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"கர ஏறசொல்லோ வழுக்கிச்சே, அவளுக்கு அடி பட்டுதா?"

"இல்ல மாமா."

பிறகு, "ஞாயித்துக்கெழம பாகூர்ல காட்டுறியாமே. வண்டி கட்டி அவளக் கூட்டியாறேன். அவ இன்னும் பாக்கலியே" என்றார்.

நீ முன்வரிசையில் உட்கார இடம் பிடித்து வைக்கிறேன். நம் வீட்டையும் பெருக்கி வைத்திருக்கிறேன். வேறொன்றும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்