வாப்பா கழற்றிய வயர்

கல்முனை,
மார்ச் 2010

அன்பு மகள் நுஸ்றத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கு எல்லோரும் சுகம், மலேசியாவில் உன்னையும் மருமகனையும் அவன் சுகமாக வைத்திருக்க வேண்டும். டெலிபோனில் கதைக்கும்போது வாப்பா பக்கத்திலேயே காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பதால்தான் இதை எழுத்தில் அனுப்புகிறேன், வாசித்துச் சிரித்துவிட்டு ஒளித்துவை.

நீ லீவில் வந்து நம் அரிசி மில்லில் பொருத்திப் பூட்டிவிட்டுப் போன அந்தச் சின்னப் பெட்டியால் வந்த கூத்தைக் கேள். சுனாமிக்குப் பிறகு வாங்கிய நெல் உலர்த்தும் மெஷின், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர், காற்றாடி எல்லாம் ஒரே வயரில் தங்களுக்குள் கதைக்கும், அந்தப் பேச்சு கணக்கெழுதும் கந்தோர் அறைக் கம்பியூட்டருக்கு விளங்காது, பெட்டி நடுவில் நின்று மொழிமாற்றிக் கொடுக்கும் என்றாய். கந்தோரிலிருந்து அது இன்டர்நெட்டில் உன்னிடம் வரும் என்றும் சொன்னாய். வாப்பாவுக்கு விளங்கியது அந்தக் கடைசி விஷயம் மட்டும்தான். நெஞ்சு வலி வந்த மனிசர் பின்னேர அசர் தொழுகையோடு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்க, பொழுதுபட்டு மஃரிப் தாண்டியும் மெஷின் ஓடினால் நீ போன் எடுத்து ஏசுகிறாய். கடல் தாண்டிப் போயும் இவள் என்னை விடுகிறாள் இல்லை என்று ஊரெல்லாம் முறைப்பாடு.

சண்டை முடிந்து பாதைகள் திறந்ததிலிருந்து நாவிதன்வெளி நெல்லும் நம்மிடம் வருகிறது. போன கிழமை நெல் வெட்டு நேரத்தில் மழை பிடித்து, அங்கிருந்து வயற்காரர் நல்லரெத்தினம் ஈர நெல்லை உழவு மெஷின் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு பின்னேரம் வந்து நின்றார். உடனே உலர்த்தாவிட்டால் முளைத்துவிடும். வேலை இரவு வரை இழுக்கும் என்று தெரிந்ததும், உனக்குத் தெரியாமல் ஓட்டுவதென்று வாப்பா முடிவெடுத்தார். மெஷின் ஓட்டும் ஜவுபர் தொட வேண்டாம் என்று கெஞ்சியும் கேளாமல், கழற்ற வேண்டிய, கந்தோருக்குப் போகும் வயரை விட்டுவிட்டு மெஷின்களிலிருந்து வரும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டார். மெல்லியது முக்கியமில்லாதது என்று நினைத்தாராம். கழன்ற இரண்டு நுனியும் ஒன்றோடொன்று முட்டியதுதான் தாமதம், மெஷின்களின் பேச்சு அடைபட்டு எல்லாம் ஒரேயடியாக நின்றன. நெல் பாதி உள்ளே, பாதி வெளியே.

நான் தேத்தண்ணி கொண்டு போனபோது, மெஷின் சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆற வேண்டும் என்று நல்லரெத்தினத்திடம் கதை விட்டுக்கொண்டிருந்தார். மகளிடம் கேட்போம் என்றேன், முகம் கறுத்தது. நல்லரெத்தினம்தான் மெதுவாகச் சொன்னார், "முதலாளி, நீங்க மகளுக்கு வெக்கப்பட்டு நிண்டா என்ட நெல்லு முளைச்சிரும்." அதன் பிறகுதான் உனக்குப் போன் வந்தது. கரண்ட் போய்விட்டது மகள் என்று தொடங்கினாரே, நீ விட்டாயா? "கரண்ட் இல்லாமப் பெட்டி எனக்கு எப்பிடிக் கதைக்கும்? எந்த வயரக் கழட்டினீங்க வாப்பா?" என்று நீ கேட்டது பக்கத்தில் நின்ற எங்களுக்கும் கேட்டது. ஜவுபர் சிரிப்பை அடக்க வெளியே ஓடிவிட்டான். நீ சொல்லச் சொல்ல, மஞ்சள் மேலே, பச்சை கீழே என்று முதலாம் வகுப்புப் பிள்ளை போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அவரே பூட்டினார். மெஷின் இரைந்ததும் நல்லரெத்தினம் கண்ணைத் துடைத்தார், அது அவர் வீட்டு வருஷச் சோறு அல்லவா. நீ போனை வைத்த பிறகும் வாப்பா அதைக் கொஞ்ச நேரம் காதிலிருந்து எடுக்கவில்லை.

இப்போது பின்னேர ஓட்டம் ஜவுபருடையது, வாப்பா அசரோடு வீடு. சும்மா இருப்பாரா, கந்தோரிலிருந்து வீட்டுக்கும் வயர் இழுப்பித்து, கால் நீட்டி இருந்து மெஷின் சூட்டைக் கம்பியூட்டரில் பார்த்து ஜவுபருக்குப் போன் எடுத்து ஏசுகிறார். பிரஷர் இறங்கிவிட்டது என்று டாக்டருக்குச் சந்தோஷம். ஜவுபருக்குத்தான் ஏறுகிறது.

மகள் மலேசியாவில் இருந்துகொண்டு வாயாலேயே மில்லைத் திருத்தினாள் என்று பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாராம், உன்னிடம் சொல்லவே மாட்டார். நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விட்டுவிடாதே, மருமகனுக்கு எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பறக்கத் செய்யட்டும். ஒன்றை மறக்காதே, போன் எடுத்ததும் மருந்து குடித்தீர்களா என்று தொடங்காதே. இன்றைக்கு மெஷின் சூடு எவ்வளவு வாப்பா என்று கேள், மருந்துக் கதையைத் தானாகச் சொல்வார்.

உன் உம்மா,
றஹீமா